இரண்டாம் நாள் குழாய்

கார்த்திகையில் ஒரு நாள்
பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
கடல் எண்ணெய் தடவினாற்போல் கிடந்தது.
"சும்மா ஏத்திருக்கான்" என்று சொல்லிக்கொண்டேதான்
வல்லங்களைக் கரைக்கு இழுத்தார்கள்.
யாரும் நம்பவில்லை.
எல்லோரும் இழுத்தார்கள்.

எங்கள் ஆய்வகத்தில் அப்படியொரு கூண்டு இல்லை.
ஒரு நுண்ணோக்கி, பஞ்சு, ஸ்பிரிட்,
கரண்ட் போனால் கணக்கை மறந்துவிடும் ஓர் இயந்திரம்,
மதுரை ஆராய்ச்சிக்காரர்கள் விட்டுப்போன ஐஸ்பெட்டி.
காய்ச்சலின் இரண்டாம் நாளே
ஒரு குழாய் ரத்தம் கூடுதலாக எடுத்து
எண் ஒட்டி உறைய வைக்க வேண்டும்.
யாருக்கு டெங்கு தானாக வடியும்
யாருக்கு ரத்தக்குழாய் கசியும் என்று
முன்கூட்டியே சொல்லும் ஏதோ ஒன்று
அதில் மிதக்கிறதாம்.
எது என்று அவர்களுக்கும் இன்னும் தெரியாது.

நூற்றுப் பதினேழு:
நம்புச்செல்வி, முப்பத்தொன்று, சின்னப்பாலம்.
பாசி எடுப்பவள்.
விரல்களில் சுற்றிய துணியை அவிழ்க்காமலே கையை நீட்டினாள்.
"இம்புட்டு ரத்தத்துல என்ன தெரியப் போகுது?"
ஆறு மாசத்தில் தெரியும் என்றேன்.
"அதுக்குள்ள எனக்கே தெரிஞ்சிரும்" என்று சிரித்தாள்.

நூற்றுப் பதினெட்டு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது.
ரெக்சன், ஒன்பது வயது, தெற்குவாடி.
ஊசியைப் பார்க்காதே,
சுவரில் இருக்கிற கொசுப் படத்தைப் பார்,
காலில் எத்தனை வெள்ளை வளையம், எண்ணு என்றேன்.
நான் பஞ்சை அழுத்தும்போது
"பதினொண்ணு" என்றான்.
சரி என்றேன், பார்க்காமலே.

நாலாம் நாள் செல்விக்குக் காய்ச்சல் விட்டது.
தட்டணு தொண்ணூறாயிரம்.
பயப்படச் சொல்லும் எண் இல்லை அது.
ஆனால் ரத்தத்தில் சிவப்பின் பங்கு
முப்பத்தாறாக இருந்தது நாற்பத்து நாலாகியிருந்தது.

நான் வாலிநோக்கம் உப்பளத்துக்காரி.
பாத்தியில் உப்பு கூடுகிறது என்றுதான் பார்ப்பவர் சொல்வார்.
உப்பு கூடுவதில்லை.
தண்ணீர் போகிறது.

"நாளைக்கு நல்ல வத்தம், கடலுக்குப் போவணும்.
மாசத்துல பன்னண்டு நாள்தான் பாசி,
வெள்ளிக்கிழமை குழுவுக்குக் கட்டணும்."
செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.
கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனாய் என்று கேட்டேன்.
யோசித்தாள்.
அவள் யோசித்ததே போதுமாயிருந்தது.
டாக்டரைக் கூப்பிட்டேன், வயிற்றைத் தொட்டார், முகம் சுளித்தாள்.
நூற்றெட்டு வண்டி பாலத்தின்மேல் ஏறியபோது
படுத்தபடியே தலையைத் தூக்கி
கீழே தண்ணீர் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பார்த்தாளாம்.
டிரைவர் வந்து சொன்னார்.

ரெக்சனுக்கு ஐந்தாம் நாள் விட்டது.
தட்டணு ஒரு லட்சத்து இருபதாயிரம்.
அன்று வெளியே நாற்பது பேர் நின்றார்கள்.
யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை.
நானும்தான்.
இட்லி கேட்கிறான் என்று அவன் அம்மா
சந்தோஷமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

மறுவாரம் மருந்தடிக்கிறவர்களோடு அந்தத் தெருவுக்குப் போனேன்.
எட்டு நாளைக்கொருமுறை குழாயில் தண்ணீர் வரும் தெரு.
வாசலில் நீல டிரம், அதன் கழுத்து வரை நல்ல தண்ணீர்,
அதில் புழுக்கள் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தன.
கவிழ்த்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும்.
உள்ளே மெழுகுவத்தி எரிந்தது.
நான் சொல்லவில்லை. மருந்தடிப்பவர் சொன்னார்.
அவன் அம்மா மறுபேச்சில்லாமல் கவிழ்த்தாள்.
தெருவெல்லாம் ஓடியது.

சித்திரையில் மதுரையிலிருந்து பட்டியல் வந்தது.
வாயில் நுழையாத பெயருள்ள ஒரு புரதம்.
இரண்டாம் நாளிலேயே
நூற்றுப் பதினேழுக்கு மூன்று மடங்கு உயர்வு.
நூற்றுப் பதினெட்டுக்கு இயல்பு.

பத்தில் எட்டுப் பேருக்குச் சரியாகச் சொல்கிறது,
இது பெரிய விஷயம் என்று எழுதியிருந்தார்கள்.
பெரிய விஷயம்தான்.
கூண்டு ஏற்றியும் வராத புயல் உண்டு,
ஏற்றாமல் வந்ததும் உண்டு,
அதற்காகக் கம்பத்தைப் பிடுங்கிவிடுவார்களா.

கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'விளைவு'.
நிரப்பி அனுப்பவும் என்றிருந்தது.
செல்வி கடலில் இருந்தாள், அன்று நல்ல வத்தம்.
அவள் கட்டத்தை முதலில் நிரப்பினேன்.
அப்புறம் மற்றதை.

பிறகு எழுந்து சுவருக்குப் போய்
ஒவ்வொரு காலாக விரல் வைத்து எண்ணினேன்.
பதினொன்றுதான்.